பீரோவில் காலாவதியான அழகுசாதனங்கள்: எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

கேள்வி: என் கொழுந்தனார் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். விடுப்பில் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய ஷாம்பூ, பாடி ஸ்பிரே, கிரீம், சென்ட் என்று கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் எல்லாவற்றையும் மாடி அறை பீரோவில் அடுக்கி வைத்தோம். மூத்த மகளின் கல்யாணச் சீர்த்தட்டில் வந்த பொருட்களும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தேதி முடிந்திருக்கிறது. "வாடை ஒன்றும் வரவில்லையே, தூக்கி எறிய மனசு வருமா?" என்கிறார் அத்தை. "எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள்" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் இளைய மகள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிடலாமா என்று நான் யோசிக்கிறேன். இவற்றை வீட்டிலேயே வேறு வகையில் பயன்படுத்த வழி உண்டா?
(வாசகி, அம்பாசமுத்திரம் வட்டாரம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அழகுசாதனத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேதியியலாளராக இருந்த அனுபவத்தைக் கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்காதீர்கள். உங்கள் மகளின் தோலுக்கு ஆகாது என்று ஒதுக்கிய கிரீம் அவருடைய தோலுக்கும் ஆகாது. நாள் முழுவதும் தண்ணீரிலும் சோப்பிலும் கை வைத்து வேலை செய்கிறவருக்கு விரலிடுக்கில் வெடிப்பும் புண்ணும் இருப்பது சாதாரணம் என்பதால், கெட்டுப்போன கிரீமிலுள்ள கிருமி உடலுக்குள் நுழைவதற்கான வழியும் அவர் கையில்தான் அதிகம். கொடுக்க விரும்பினால், தேதி மீதமிருக்கும், பிரிக்காத பொருட்களில் ஒன்றிரண்டை எடுத்துக் கொடுங்கள்.

அத்தையின் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. தேதி முடிந்த மறுநாளே எந்தப் பொருளும் நஞ்சாகிவிடுவதில்லை. ஆனால் வாடையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஷாம்பூ, கிரீம், லோஷன் ஆகியவற்றில் கணிசமான பங்கு தண்ணீர்தான். தண்ணீர் இருக்கும் இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் தடுக்கத்தான் அவற்றில் பதப்பொருளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பதப்பொருள் நாளடைவில் வலுவிழக்கிறது. அதன் பிறகு சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பெருகினாலும், சேர்த்திருக்கும் வாசனைத் திரவியம் அந்த மாற்றத்தை மூக்குக்குத் தெரியவிடாமல் மறைத்துவிடும். இன்னொன்று, உங்கள் பீரோ மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறையில் இருப்பதாகத் தெரிகிறது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அந்த அறை எப்படிக் கொதிக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது எங்கள் துறையில் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. ஆகவே உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, டப்பாவில் அச்சிட்ட தேதி வருவதற்கு முன்பே சில பொருட்கள் கெட்டிருக்கவும் கூடும்.

தேதியைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பொருட்களில் இது பலரைக் குழப்புகிறது. இந்தியாவில் விற்கும் அழகுசாதனங்களில் எந்த மாதம், எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட்டாக வேண்டும். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐரோப்பிய விதிகளின்படி தயாரானவற்றிலோ, 30 மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளாக இருந்தால் முடிவுத் தேதி அச்சிட வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, மூடி திறந்த சிறு டப்பாவின் படம் ஒன்றும், அதற்குள் 6, 12, 24 என்று ஓர் எண்ணும், பக்கத்தில் 'எம்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதங்கள் என்பது அதன் பொருள். உங்கள் கொழுந்தனார் கொண்டுவந்தவற்றில் தேதியே காணவில்லை என்று தோன்றினால் இந்தப் படத்தைத் தேடுங்கள். எப்போது திறந்தோம் என்று நினைவில்லாத டப்பாவைத் தேதி முடிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. காலாவதியான பொருளை உடம்பில் போடக் கூடாது என்பதில் சலுகையே இல்லை. முகத்துக்குத்தானே வேண்டாம், காலுக்குப் போட்டால் என்ன என்பதும், பழைய பவுடரில் பன்னீர் கலந்து முகப்பூச்சு செய்யலாம் என்பதும் சரியான யோசனைகள் அல்ல. ஆனால் அந்தப் பொருளுக்குள் இருக்கும் அழுக்கு நீக்கியும், எண்ணெயும், மெழுகும், ஆல்கஹாலும், பவுடரிலுள்ள கல்பொடியும் பெரும்பாலும் தம் வேலையைச் செய்யும் நிலையில்தான் இருக்கும். ஆகவே, டப்பாவின் மேல் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், உள்ளே இருப்பது இவற்றில் எது என்று பார்த்து, தோலும் உணவும் படாத வேலைக்கு அதை மாற்றிவிடுவதுதான் வழி. அதற்கு முன் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பி ஒருமுறை திறந்து பாருங்கள். எண்ணெய் தனியாக, நீர் தனியாகப் பிரிந்து நிற்பது, புள்ளி புள்ளியாகப் பூஞ்சை படிந்திருப்பது, காறிய வாடை அடிப்பது, டப்பா உப்பியிருப்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அதை எதற்கும் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். துடைக்கும் துணியோடு கிருமி வீடெங்கும் போகும்.

மிச்சமிருப்பவற்றில் அதிகம் பயன்படுவது ஷாம்பூ. மனிதத் தலையில் சுரக்கும் எண்ணெய்ப் பசையை எடுப்பதற்கென்றே தயாரித்த அழுக்கு நீக்கி அது; எனவே அதே எண்ணெய்ப் பசை படிந்த இடங்களிலெல்லாம் சலவை சோப்பைவிட லாகவமாக வேலை செய்யும். சட்டைக் காலரின் உட்புறக் கறுப்புக் கோடு, தலையணை உறையில் படிந்த எண்ணெய் மஞ்சள், ஹெல்மெட்டின் உட்பஞ்சு, சீப்பு, நாற்காலியில் தலை சாயும் இடம் ஆகியவை அதற்கு ஏற்றவை. காலரைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு சொட்டு ஷாம்பூவை விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவைத்த பின் வழக்கம்போல் சலவை சோப்பில் துவைத்து வெயிலில் காயப்போட்டால் போதும். சீப்புகளை ஒரு பழைய வாளியில், வெதுவெதுப்பான நீரில் ஒரு மூடி ஷாம்பூ கலந்து ஊறப்போடுங்கள். பல்லிடுக்கில் ஊசி கொண்டு நோண்டி எடுக்க வேண்டிய அழுக்கு தானாகவே இளகி வந்துவிடும். மோட்டார் சைக்கிள் கழுவவும், மிதியடி, ரப்பர் செருப்பு, குளியலறைத் தரை, ஜன்னல் கம்பி ஆகியவற்றைக் கழுவவும் ஷாம்பூவும் உடல் கழுவும் ஜெல்லும் நன்றாக உதவும். வாஷிங் மெஷினில் மட்டும் ஊற்றாதீர்கள். நுரை பொங்கி வழிந்து இயந்திரத்தைக் கெடுக்கும். சமையல் பாத்திரம் கழுவவும் வேண்டாம். அந்த வாசனை எவர்சில்வரில் ஒட்டிக்கொண்டு காலைக் காப்பியில் வந்து நிற்கும் என்பது ஒரு காரணம், அது வாய்க்குள் போகும் பொருளுக்காகச் செய்ததல்ல என்பது அதைவிட முக்கியமான காரணம்.

கண்டிஷனரை ஷாம்பூவோடு கலந்து ஒரே புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஷாம்பூவின் அழுக்கு நீக்கி எதிர் மின்னூட்டமும் கண்டிஷனரின் முக்கியப் பொருள் நேர் மின்னூட்டமும் கொண்டவை என்பதால், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நுரையும் வராத, மென்மையும் தராத ஒரு குழம்பாகிவிடும். கண்டிஷனருக்கென்று தனியான வேலை இருக்கிறது. அதில் பெரும்பாலும் சிலிகோனும், கொழுப்பு ஆல்கஹால் என்னும் மெழுகு போன்ற பொருளும் இருப்பதால் மேற்பரப்பில் வழவழப்பான மெல்லிய படலமாகப் படியும். குளியலறைக் குழாய்களைக் கழுவித் துடைத்த பின் ஒரு துளி கண்டிஷனரை ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்து, உலர்ந்த துணியால் மெருகேற்றினால், போர் தண்ணீரின் உப்புத் திவலை அவ்வளவு சீக்கிரம் வெள்ளைப் புள்ளியாகப் படியாது. திரைச்சீலை வளையம் ஓடும் கம்பியில் மெல்லத் தடவினால் இழுக்கச் சுலபமாக இருக்கும். தரையில் மட்டும் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. வயதான அத்தை நடமாடும் வீட்டில் அதைவிட ஆபத்தான வழுக்கல் வேறில்லை.

முகத்துக்கும் உடம்புக்கும் போடும் கிரீம்களைத் தோல் செருப்பு, இடுப்புப் பெல்ட், பழைய தோல்பை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். உட்பக்கம் ஓரிடத்தில் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்த்த பின், துணியில் சிறிதளவு எடுத்துத் தேய்த்து, ஒரு மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். ரெக்சினுக்கு இதனால் பயனில்லை. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் உங்கள் பக்கமும் காற்று ஈரமாகவே இருக்கும். அப்போது இதைச் செய்யாதீர்கள். கிரீமிலுள்ள கிளிசரின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்வதால் தோல் மேல் பூஞ்சை பூத்துவிடும். மாசி, பங்குனியில் செய்யலாம்.

பெட்ரோலியம் ஜெல்லி இதிலிருந்து வேறுபட்டது. அதில் தண்ணீரே கிடையாது; அதனால் கிருமி வளர்வது அரிது, நீண்ட நாள் தாங்கும். மோட்டார் சைக்கிள் பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூக்கும் உப்பைத் துடைத்தெடுத்து, ஒயர்களை இறுக்கிய பின், அவற்றின் மேல் மெல்லிதாக இதைப் பூசினால் காற்றின் ஈரமும் அமில ஆவியும் படாமல் அரிமானம் குறையும். மெக்கானிக்குகளும் இதைத்தான் செய்கிறார்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கும் இது பொருந்தும், ஆனால் அதை நீங்களே திறக்காமல், தண்ணீர் ஊற்ற வரும் ஆளிடம் டப்பாவைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். உவரி, இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உங்கள் உறவினர் இருந்தால் அவர்களுக்கு இந்த டப்பா இன்னும் பயன்படும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் கேட் கீல், தாழ்ப்பாள், நட்டு போல்ட்டு எல்லாவற்றுக்கும் பூசலாம். பூட்டின் சாவித் துவாரத்துக்குள் மட்டும் வேண்டாம், தூசி ஒட்டிக்கொண்டு பூட்டு இறுகிவிடும். இயற்கை ரப்பரிலும் படக் கூடாது, ரப்பர் உப்பி நைந்துபோகும்.

ரப்பருக்கு ஏற்றது முகப்பவுடர். சைக்கிள் கடைக்காரர் புது டியூபை டயருக்குள் நுழைக்கும் முன் வெள்ளைப் பொடி தூவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையைத் தேதி முடிந்த டால்கம் பவுடரும் செய்யும். அடுத்த மழைக்காலம் வரை மடித்து வைக்கும் ரப்பர் விரிப்பு, மழைக்கோட்டு, கையுறை ஆகியவற்றின் மடிப்புகளில் தூவி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது.

பவுடரின் இன்னொரு பயன் பட்டுச்சேலையில். நம் ஊர்க் கல்யாணத்தில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு, மடியில் சொட்டிய தேங்காய்ப்பால் கறையைப் பார்த்துப் பதறாத பெண்கள் குறைவு. அந்த நேரத்தில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு; எண்ணெய் இழைக்குள் இறங்கிக் கறை அகலமாகும். முதலில் மேலே நிற்கும் ஈரத்தை ஒரு பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சேலையைச் சமதளத்தில் விரித்து, கறைக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்றை வைத்து, வாசனை குறைந்த வெள்ளைப் பவுடரைக் கறை தெரியாத அளவுக்குக் கொட்டி மூடுங்கள். ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பவுடர் சற்றுப் பழுப்பேறி, கட்டி கட்டியாக இருக்கும். இழைக்குள் இருந்த எண்ணெய் அதில் ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மென்மையான பிரஷ்ஷால் நெசவின் போக்கிலேயே தட்டிவிட்டு, தேவையானால் இன்னொருமுறை செய்யலாம். எண்ணெயை மட்டுமே பவுடர் எடுக்கும். சாம்பார் மஞ்சளும் வெற்றிலைக் காவியும் இதற்கு அசையாது, அவற்றைச் சலவைக்காரரிடம்தான் விட வேண்டும். பவுடரைக் கொட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். டால்க் என்பது நுண்ணிய கல்பொடி, மூச்சில் போவது நல்லதல்ல. கைக்குழந்தையும் இளைப்பு உள்ளவர்களும் அந்த அறையில் இருக்க வேண்டாம். எறும்பு வரிசையில் தூவினால் எறும்பு வராது என்பார்கள். சற்று நேரம் விலகிப் போகும், அவ்வளவுதான்.

நெயில் பாலிஷ் எனக்குப் பிடித்தமான பழைய பொருள், ஏனென்றால் அது வண்ணமும் வார்னிஷும் சேர்ந்த ஒரு சிறு பெயின்ட். தண்ணீர் இல்லாததால் கிருமியால் கெடுவதில்லை. கரைப்பான் ஆவியாகிக் கெட்டியாவதுதான் அதன் முதுமை. கோயில் கொடைக்கோ, பக்கத்து வீட்டு விசேஷத்துக்கோ பாத்திரம் இரவல் போகும் வீடு உங்களுடையது என்றால், ஒவ்வொரு பாத்திரத்தின் வெளிப்புற விளிம்புக்குக் கீழே ஒரே நிறத்தில் இரண்டு பொட்டு வையுங்கள். பெயர் வெட்டாத பாத்திரமும் அடையாளத்தோடு திரும்பிவரும். அடுப்பில் ஏற்றும் பாத்திரத்துக்கு இது உதவாது, சூட்டில் கருகிவிடும். ஒரே மாதிரி இருக்கும் சாவிகளுக்கு நிறம் பூசலாம். நைலான் கயிற்றின் முனை பிரியாமல் இருக்கவும், அறுந்துபோகப் போகும் சட்டைப் பொத்தானின் நூலை இறுக்கவும் நிறமற்ற பாலிஷ் ஒரு சொட்டு போதும். கவரிங் நகையின் உட்பக்கத்தில் பூசுவதை மட்டும் காலாவதியான பாலிஷால் செய்ய வேண்டாம், அது தோலில் உரசிக்கொண்டே இருக்கும்.

பாலிஷை அழிக்கும் திரவம் பெரும்பாலும் அசிட்டோன். புது எவர்சில்வர் தூக்குச்சட்டியில் லேபிளைப் பிய்த்த பின் மிஞ்சும் பசையைப் பஞ்சில் தொட்ட அசிட்டோன் ஒரு நொடியில் எடுக்கும். பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். விரலோடு விரல் ஒட்டும் உடனடிப் பசை கண்ணாடியில் சிந்தியிருந்தாலும் இதில் கரையும். பிளாஸ்டிக் மூடி, டிவியின் சட்டம், மூக்குக் கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் எதிலும் படக் கூடாது, உருகிய தடம் நிரந்தரமாக நிற்கும். அதன் ஆவி மிக எளிதில் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி அடுத்த அறையிலிருக்கும் விளக்கு வரை போகும். அடுப்பும் குத்துவிளக்கும் ஊதுவத்தியும் அணைந்திருக்கும் நேரத்தில், ஜன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

இதே எச்சரிக்கை சென்ட்டுக்கும் பாடி ஸ்பிரேக்கும் உண்டு. ஸ்பிரே வகை சென்ட்டுகளில் முக்கால் பங்கு அளவுக்கு ஆல்கஹால்தான். பள்ளிச் சட்டைப் பையில் பால் பாயின்ட் பேனா கசிந்த நீலக் கறைக்கு இது நல்ல மருந்து. கறைக்குக் கீழே மடித்த துணியை வைத்து, மேலிருந்து சென்ட்டைப் பஞ்சில் தோய்த்து ஒற்ற ஒற்ற, மை கீழ்த் துணிக்கு இறங்கும். கீழ்த் துணியை இடம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதே மை மறுபடி மேலே ஏறும். பருத்திச் சட்டைக்கு இது சரி. பட்டுக்கும் ஜரிகைக்கும் வேண்டாம், ஜெல் பேனா மைக்கு இது பெரும்பாலும் பலிக்காது. ஷூவுக்குள் அடிக்கும் நாற்றத்துக்கு, வெளித்திண்ணையில் வைத்து இரண்டு முறை அடித்துக் காயவிடலாம். எண்ணெய் வடிவிலான அத்தரை ஒரு பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட சிறு டப்பாவில் போட்டுச் செருப்பு அலமாரியில் வையுங்கள்.

பாடி ஸ்பிரே குப்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை உந்தித் தள்ளுவது பெரும்பாலும் நம் சமையல் எரிவாயுவின் இனத்தைச் சேர்ந்த வாயுதான். 50 டிகிரிக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்கக் கூடாது என்று குப்பியிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். கொசு, கரப்பான் மேல் அடிப்பது, பூஜையறையில் மணத்துக்காக அடிப்பது இரண்டும் தீயை அழைப்பதாகும். முடிந்துபோன குப்பி என்று நினைத்துக் கொல்லைப்புறக் குப்பையோடு கொளுத்தினால் வெடிக்கும். ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கில் கோடையில் தீப்பிடித்துப் புகை மண்டலமாவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே கலைத்துப் போட்டு வேலை செய்யும் தூய்மைப் பணியாளர் பக்கத்தில் வாயு நிறைந்த குப்பி கிடப்பதை எண்ணிப் பாருங்கள். வெட்டவெளியில், நெருப்பில்லாத இடத்தில், சீறல் நிற்கும்வரை அழுத்திக் காலி செய்த பிறகே குப்பியை வெளியே அனுப்புங்கள். ஆணியால் குத்தாதீர்கள், காயலாங்கடைக்காரர் சுத்தியலால் நசுக்குவதற்கு முன் அது காலிதானா என்று பார்க்கும்படி அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

மற்றவை சில்லறை. நிறமற்ற உதட்டு பாமை இறுகிப்போன ஜிப்பில் தேய்க்கலாம், மரத்தில் முடுக்கும் திருகாணியின் மரையில் தடவலாம். லிப்ஸ்டிக் அப்படியல்ல, தொட்ட இடமெல்லாம் சாயம் ஏறும், அதை விட்டுவிடுங்கள். கண்மை, மஸ்காரா எதையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம், ஆனால் மஸ்காரா பிரஷ்ஷை ஷாம்பூ நீரில் கழுவி எடுத்தால் தையல் மெஷினின் பாபின் அறையிலுள்ள பஞ்சை எடுக்க அதைப்போல் ஒரு கருவி கடையில் கிடைக்காது. சன்ஸ்கிரீனால் காரைத் துடைக்கலாம், மரத்தை மெருகேற்றலாம் என்கிறார்கள். அதில் வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் சில வடிகட்டிப் பொருட்கள் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் இளக்கும். அத்தகைய பொருட்களில் ஒன்றான அவோபென்சோன் உள்ளதாக இருந்தால், இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர் பட்டதும் வெள்ளைத் துணியில் துருக்கறை போலச் செம்பழுப்பாகப் பிடிக்கும். அதற்கு மறுபயன் இல்லை.

தேதி முடிந்த தேங்காய் எண்ணெயை மண்வெட்டி, அரிவாள் ஆகியவற்றில் துருப்பிடிக்காமல் பூசலாம், கதவுக் கீலுக்கு விடலாம். வாசனைத் தலையெண்ணெயை விளக்கில் ஊற்றாதீர்கள். பலவற்றில் கனிம எண்ணெயும் சாயமும் வாசனையும் கலந்திருப்பதால் புகை கக்கும், அந்தப் புகையை மூடிய பூஜையறையில் நீங்கள்தான் சுவாசிப்பீர்கள். ஷாம்பூ கரைசலைச் செம்பருத்தியின் மாவுப்பூச்சிக்கும், பழைய கிரீமைப் பிச்சிச் செடியின் வேருக்கும் போடச் சொல்லும் யோசனைகளையும் தள்ளிவிடுங்கள். பூச்சியோடு இலையும் கருகும்.

இரண்டு பொருட்களில் மறுபயன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்று, தயாரித்தவர் பெயரோ சேர்மானப் பட்டியலோ இல்லாத சிவப்பழகு கிரீம். அப்படி ஒரு டப்பா உங்கள் பீரோவில் இருந்தால், அதில் பாதரச உப்பு இருக்கும் வாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றிப் போடும் பொருட்கள் நீங்கலாக, எந்த அழகுசாதனத்திலும் எதிர்பாராமல் கலக்கும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நம் விதி. 2023-இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிலருக்கு வந்த சிறுநீரக நோயை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்கள் பூசிவந்த இத்தகைய கிரீம்களைத்தான் காரணமாகக் கண்டார்கள். தேதி முடிந்தாலும் முடியாவிட்டாலும் அதைத் தொடவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். எரித்தால் பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். இன்னொன்று ஹேர் டை. பல சாயங்களில் உள்ள பாராபினைலீன்டையமின் என்ற பொருள் வயிற்றுக்குள் போனால் முகமும் தொண்டையும் வீங்கி மூச்சடைக்கும், தசையும் சிறுநீரகமும் பாதிக்கும், அதற்கென்று தனி மாற்று மருந்தும் கிடையாது. தேதி முடிந்த டை பாக்கெட்டுகளைப் பீரோவில் விட்டுவைக்காமல் முதல் வேலையாக வெளியேற்றுங்கள்.

சாக்கடையில் ஊற்றச் சொன்ன இளைய மகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர்ச் சாக்கடை வாய்க்காலைத் தேடும், வாய்க்கால் தாமிரபரணியைத் தேடும். அந்தத் தண்ணீரைத்தான் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் குடிக்கிறார்கள். கண்டிஷனரிலுள்ள நேர் மின்னூட்டப் பொருள் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. பழைய ஸ்க்ரப் கிரீம்களில் உள்ள பிளாஸ்டிக் மணிகள் மண்ணிலும் மக்காது, நீரிலும் கரையாது. பயன்படுத்தும்போது சிறிதளவு கழுவிப் போவது வேறு, லிட்டர் கணக்கில் ஒரே நாளில் கவிழ்ப்பது வேறு. கெட்டுப்போன கிரீமையும் லோஷனையும் பழைய செய்தித்தாளிலோ மரத்தூளிலோ வழித்துப் போட்டு, நிழலில் உலரவிட்டுக் கட்டி, மக்காத குப்பையோடு கொடுங்கள். பயன்படாத நெயில் பாலிஷை, குழந்தைகள் எட்டாத வெளியிடத்தில் மூடியைத் திறந்து முற்றிலும் இறுகவிட்ட பின் அதே குப்பையில் சேருங்கள். ஹேர் டையையும் அந்தப் பெயரில்லாத கிரீமையும் பிரிக்காமல், வேறொரு பையில் இறுகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

காலியான நல்ல கண்ணாடி டப்பாக்களில் பொத்தான், ஊசி, திருகாணி போட்டு வைக்கலாம். ஊறுகாயோ மருந்தோ வேண்டாம். வெளியே போகும் வெளிநாட்டுச் சென்ட் புட்டிகளின் லேபிளைக் கிழித்து, மூடியைத் தனியாகப் போடுங்கள். முழு லேபிளோடு போகும் புட்டியில் போலிச் சரக்கை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். மறுபயனுக்கென்று எடுத்து வைத்த ஷாம்பூ, கிரீம் டப்பாக்களின் மேல் 'துடைக்க மட்டும்' என்று பெரிதாக எழுதி, குளியலறையில் வைக்காமல் துடைப்பமும் வாளியும் இருக்கும் இடத்தில் வையுங்கள். விருந்தாளி யாராவது தலைக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது. தேதி மீதமிருக்கும் பொருட்களை மாடி அறையிலிருந்து கீழே இறக்கி, வெயில் படாத அலமாரிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் திறக்கும் நாளில் அதன் அடியில் தேதியை எழுதிவிடுங்கள்.